பேட்ஜ் இருந்த இடம்

ஜூன் மாத முதல் திங்கட்கிழமை, பேட்ஜ் படிக்கும் அறையில், நேல்யா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். திரையில் இருந்த எண் மாறவில்லை.

"ரிம்மா யெஃபீமொவ்னா, போன மாசம் நீங்க கப்பலுக்குள்ள போனீங்களா?"

"மூணு மாடி ஏறுறதுக்கே என் முட்டி கெஞ்சுது. நான் எங்க கப்பலுக்குள்ள போறது?" என்றாள் ரிம்மா. "உன் பெட்டிக்கு வயசாயிடுச்சு. அதைப் பாரு."

நேல்யா சோதனைக்கென்று வைத்திருக்கும் பேட்ஜைப் பெட்டிக்குள் தள்ளிப் பார்த்தாள். பெட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. ரிம்மாவின் பேட்ஜைத் திரும்பப் படிக்க வழியில்லை. ஒருமுறை சூடாக்கிப் படித்தால் அதில் உள்ளது அழிந்துவிடும், எண் மட்டும்தான் மிஞ்சும்.

தளத்துக்குள் வருகிற எல்லோரும் நெஞ்சில் குத்திக்கொள்கிற, தீப்பெட்டியில் பாதியளவு பேட்ஜ் அது. அந்த மாதம் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அது சொல்லும். பழைய அணு நீர்மூழ்கிகளை வெட்டிப் பிரிக்கிற ஆட்களுக்கு ஒரு எண் வரும், கேன்டீனில் பால் ஊற்றுகிற பெண்களுக்கு ஒரு எண் வரும். அரசின் மேற்பார்வை அதிகாரியாக ஒரு மேசையையும் முத்திரையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரிம்மாவுக்குப் பதினோரு வருடமாக வந்ததெல்லாம் வெறும் எண்தான், சாலையில் நடந்து போகிறவனுக்கு வருகிற எண். இந்த மாதம் வந்திருப்பது வெட்டுகிறவனின் எண். அதிலும், அடைசலான இடத்தில் மல்லாந்து படுத்து வெட்டுகிறவனின் எண்.

"எழுதிக்கவா?" என்று கேட்டாள் நேல்யா.

"தப்பா வந்திருக்குன்னு எழுது. புதுசு ஒண்ணு குடு."

அப்படி எழுதச் சொல்வது ரிம்மாவுக்குப் பழகிப்போன வேலை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேட்ஜை மாலையில் அலுவலகக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. விதியைக் காக்கிறவளே அதை மதித்ததில்லை. கம்பளிச் சட்டையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறை நாற்காலியின் முதுகில் மாட்டிவிடுவாள். அலுவலகத்தில் வேறு யாருக்கும் அப்படி வரவில்லை என்றால், அந்த எண் அங்கே ஏறியதல்ல.

அவள் அறை வாசலில் ஸோயா நின்றிருந்தாள். தளத்தில் நீர்மூழ்கி வெட்டிக்கொண்டிருந்து, போன வருடம் செத்துப்போன மக்காரின் மனைவி. இது மூன்றாவது தடவை. தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், உட்காரச் சொன்னால் உட்காராமல், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பாள்.

"நான் காசு கேட்டு வரல, ரிம்மா யெஃபீமொவ்னா."

"தெரியும் ஸோயா."

"ரெண்டு வரி. அந்தப் பத்து நாளும் அவர் பேட்ஜ் எங்க இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. அவர் குடிச்சுதான் செத்தாருன்னு டாக்டர் எழுதிட்டாரு. அவரைப் பெத்த அம்மாவே அப்படித்தான் சொல்றா. என் மூத்தவன் அப்பா படத்தைச் சுவத்துலருந்து எடுத்துட்டான். ரத்தம் கெட்டுப்போறதுக்கு வோட்காவா காரணம்? நீங்களே சொல்லுங்க."

"ரிக்கார்டுல வரம்புக்குள்ளதான் இருக்கு. ரிக்கார்டை நான் மாத்த முடியாது."

"ரிக்கார்டை யார் கேட்டா? நான் உங்களைக் கேக்குறேன்."

ரிம்மா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். ஸோயா அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரிம்மாவுக்குத் தோன்றியது.

அன்று மாலை அலுவலக அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கதிர்வீச்சு மானியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பச்சைப் பெட்டி, அதிலிருந்து வயர் வைத்த ஒரு குழல், கேட்பதற்கு ஒரு ஹெட்போன். கதிர்வீச்சு இருக்கிற பக்கம் குழலைக் காட்டினால் காதில் சொடுக்குச் சத்தம் கேட்கும். வெளியே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. நல்லதுதான். வீட்டில் மகள் லாதா இருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் குடியிருக்கும் பக்கத்தில் வழக்கமான கோடைப் பராமரிப்புக்காக மூன்று வாரம் வெந்நீரை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை க்லெப் வேறு, வெட்டிய துண்டுகளை இழுத்துச் செல்லும் கப்பலோடு போயிருக்கிறான். அதனால் தாய்வீடு.

லாதா கண்ணில் அந்தப் பெட்டி படாமல் இல்லை. "என்னம்மா அது? யுத்தத்துக்குப் போறியா?"

"ஆபீஸ் சாமான். வேலை செய்யுதான்னு பாக்கணும்."

"பாரு பாரு. ரிட்டயர் ஆகுற வயசுல உனக்கு விளையாட்டுச் சாமான்."

வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் அந்த மாதம் சூரியன் இறங்குவதே இல்லை. எல்லா வீட்டிலும் ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள், தூங்க வேண்டுமே. ரிம்மாவின் சமையலறையில் அந்தத் தாள் ஓரங்களில் உரிந்து, அதன் வழியே விரிகுடாவின் வெயில் கத்தி கத்தியாக உள்ளே விழுந்து, பாத்திரங்களின் நிழல்களைச் சுவரில் மனித உயரத்துக்கு இழுத்து நிறுத்தியிருந்தது. குழாய் சொட்டியது. பிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. மகள் குளியலறைக்குள் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குழலை நீட்டினாள். டக். கொஞ்சம் கழித்து, டக். அது கல்லிலிருந்தும் காற்றிலிருந்தும் வருவது, உலகத்தில் எந்த இடத்திலும் இருப்பது. அடுப்பு, டக். மேசை, டக். ஜன்னல், டக், டக். பிரிட்ஜ் பக்கத்தில் இருந்த நாற்காலியை நோக்கி அவள் குழலைத் திருப்பியதும், தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி காதுக்குள் கொட்டியது.

முதலில் அவள் செய்தது ஒரு அதிகாரி செய்ய வேண்டியதைத்தான். ஈரத்துணியால் நாற்காலியைத் துடைத்தாள். துணியைச் சோதித்தாள். துணியில் ஒன்றுமில்லை. கம்பளிச் சட்டையை உதறிச் சோதித்தாள், அதிலும் இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பால்கனியில் வைத்துச் சோதித்தாள். நாற்காலி சுத்தமாக இருந்தது.

திரும்பி வந்து, நாற்காலி இருந்த வெற்றிடத்தில் குழலை நீட்டினாள். மழை கொட்டியது.

குழலை மெதுவாக மேலே கொண்டுபோனாள். ஒரு உயரத்தில் சத்தம் நின்றது. கொஞ்சம் கீழே இறக்கினால் மறுபடி கேட்டது. பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளினால் நின்றது. அவள் தன்னையறியாமல் அந்த ஓரத்தைக் குழலால் வரைந்துகொண்டே போனாள், கண் தெரியாதவர்கள் ஒரு முகத்தைத் தடவுகிற மாதிரி. வளைந்து இறங்கும் இடம் தோள். அதற்கு மேலே உருண்டையாகக் குனிந்திருப்பது தலை. முன்னால் நீண்டு மடங்குவது முட்டி. முட்டியின் மேல் இரண்டு கைகள். சமையலறையில் எரிந்த ரப்பரின் நாற்றம் அடித்தது. கூடவே, வெதுவெதுப்பான பாலின் வாசனை.

அந்த இரண்டும் சேர்ந்து அடிக்கிற ஒரே இடம் அவளுக்குத் தெரியும். நீர்மூழ்கியின் மேலே ஒட்டியிருக்கிற ரப்பர் பாளங்களைக் கருக்கிக்கொண்டுதான் தீ இரும்பை வெட்டும். அந்த வேலை செய்கிறவர்களுக்கு ஷிப்டுக்கு அரை லிட்டர் பால் கொடுப்பார்கள். லாக்கர் அறை முழுக்க அதே வாசனைதான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஏப்ரலில் அவள் அந்த அறைக்குப் போயிருக்கக் கூடாது. தளத்தின் தலைவர் ரொதியோன் பாவ்லொவிச் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். "பத்து நாள், ரிம்மா யெஃபீமொவ்னா. பத்து நாளைக்கு லாக்கர் ரூம் பக்கம் வராதீங்க. இழுவைக் கப்பல் வந்து நிக்குது. அணு உலை இருக்கிற துண்டைப் பிரிக்காம அதை எப்படி அனுப்புறது?" பிரிக்கத் தெரிந்தவன் மக்கார் ஒருவன்தான். ஒல்லி உடம்பு. குழாய்களுக்கு அடியில் மல்லாந்து புகுந்து இடது கையால் வெட்டுவான். ஆனால் ஏப்ரலுக்குள்ளேயே அவனுடைய அந்த வருடத்து வரம்பு கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. நிரம்பினால் அவனைக் கரைக்கு அனுப்பி, ஸ்டோரில் கையுறை எண்ண விட வேண்டும். அங்கே போனவனை மற்றவர்கள் மாமி என்று கூப்பிடுவார்கள்.

அவள் போனாள். தன் கடமையைச் செய்கிறோம் என்று தனக்குக் காட்டிக்கொள்ளத்தான் போனாள், வேறெதற்கும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் வீட்டுக்குப் போட்டுப்போகிற கம்பளி பூட்ஸ்கள் வரிசையாக இருந்தன. ஆட்கள் எல்லோரும் கப்பலுக்குள். ஒரு பூட்ஸின் வாயில் பேட்ஜ் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பெயரைப் படித்தாள். மக்கார். ஆள் உலைக்குப் பக்கத்தில், அவன் பேட்ஜ் பூட்ஸுக்குள் சொகுசாக. அந்த நேரம் பார்த்து மக்காரே வந்து நின்றான், வெறும் காலுறையோடு, கையில் பால் பாக்கெட்.

"அது தூங்கட்டும், ரிம்மா யெஃபீமொவ்னா," என்று சிரித்தான். "அது வேலைக்கு வந்தா நான் வீட்டுக்குப் போகணும்."

அவளும் சிரித்தாள். சிரித்தது மட்டுமல்ல. வேறு யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று அந்த பேட்ஜைப் பூட்ஸின் விரல்முனை வரைக்கும் தன் கையாலேயே உள்ளே தள்ளினாள். பிறகு மேசைக்குப் போய், எல்லா ஆட்களும் பேட்ஜ் அணிந்திருந்தனர் என்று எழுதி முத்திரை குத்தினாள். அவள் கையெழுத்துக்குக் கீழே, பேட்ஜ்களைக் கையளித்த ஷிப்டு ஊழியரின் கையெழுத்து. அது க்லெப்புடையது. அப்போது லாதாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு வாரம்.

பதினான்கு மாதத்தில் மக்கார் போய்விட்டான். ரிம்மா சவ அடக்கத்துக்குப் போய் மற்றவர்களைப் போல ஒரு பிடி மண் போட்டாள். அந்தக் கையை என்ன செய்வது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியவில்லை.

"அம்மா, சோப்பு எங்க?" என்று குளியலறையிலிருந்து லாதா கத்தினாள். ரிம்மா ஹெட்போனைக் கழற்றினாள். சமையலறை பழையபடி சமையலறையாக இருந்தது. குழாய் சொட்டியது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் மகளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள், பிரிட்ஜுக்கும் அவளுக்கும் நடுவில் தான் நின்றுகொண்டாள். உட்காரும்மா, உட்காரும்மா என்று லாதா சொல்லச் சொல்ல, முட்டி வலிக்க வலிக்க, நின்றபடியே சாப்பிட்டாள்.

மறுநாள் மாலை சமையலறையில் ஒன்றுமில்லை. ரிம்மாவுக்கு உயிர் வந்தது. கருவியில்தான் கோளாறு, வயசான கருவி, வயசான மூளை என்று சொல்லிக்கொண்டே நடைவழிக்கு வந்தவளுக்கு, கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, செருப்பு போட உட்காருகிற சின்ன பெஞ்சின் மேல், மழை கொட்டியது. குனிந்த தலை. முட்டி மேல் கைகள். ஷிப்டு முடிந்து களைத்துப்போனவன் உட்காருவது அப்படித்தான்.

புதன்கிழமை அது பெஞ்சில் இல்லை. நடைவழியின் நடுவில் இருந்தது, நின்றபடி. குழலை எவ்வளவு உயர்த்தினாலும் தலை அதற்கும் மேலே இருந்தது. வியாழக்கிழமை லாதாவின் அறைக்கு ஒரு எட்டு முன்னால்.

அவள் மகளிடம் வீட்டைக் காலி செய்யலாம் என்றாள். தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போகலாம் என்றாள். லாதா வீங்கிய பாதங்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, என்னைத் துரத்துறியா? இங்கதான் வெந்நீர் வருது. நான் நகர மாட்டேன்."

"வீட்டுல நாத்தம் அடிக்கலையா உனக்கு? ரப்பர் எரியுற மாதிரி?"

"பால் வாசனைதான் அடிக்குது. நல்லாத்தான் இருக்கு. எனக்கு இப்பல்லாம் எந்நேரமும் பால் குடிக்கணும் போலவே இருக்கு."

ரிம்மா போய் ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து மதியமே வந்துவிட்டாள். லாதா தூங்கிக்கொண்டிருந்தாள், கதவு பாதி திறந்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நடைவழியில் இல்லை. வாசற்படியில் இல்லை. குழலை அறைக்குள் நீட்டினாள். கட்டிலின் கால்மாட்டில், மெத்தையின் ஓரத்தில், சத்தம் வெடித்தது. உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை தலை குனிந்திருக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்தவளின் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை முட்டியின் மேல் இருந்தது. இன்னொரு கையை ரிம்மா குழலால் தேடிக்கொண்டே போனாள், போர்வையின் மேலாக, மகளின் கணுக்காலைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி. அங்கே நின்றிருந்தது.

அவள் அங்கேயே தரையில் மண்டியிட்டாள். "எழுதிடுறேன்," என்றாள். "மக்கார் லூக்கிச், எழுதிடுறேன். இவளை விட்டுடு."

சமையலறை மேசையில் காகிதத்தை வைத்து, ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்காமலே, குழலை அறைப் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு எழுதினாள். அரசு வழக்கறிஞருக்கு. தேதி, அறை, பெஞ்சு, பூட்ஸ். பேட்ஜை நானே உள்ளே தள்ளினேன். தெரிந்தே பொய் எழுதி முத்திரை வைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் காதில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, அடுத்த அறையில் யாரோ எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு விலகிப் போவது போல. க்லெப்பின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. சத்தமும் குறையாமல் நின்றது. எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். டக். வெகுநேரம் கழித்து, டக். ரப்பர் நாற்றம் போய்விட்டிருந்தது. ரிம்மா மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

உறையை ஒட்டி, தபால்தலை ஒட்டி, கைப்பையில் வைத்தாள். தபால் நிலையம் இனி திங்கட்கிழமைதான் திறக்கும்.

சனிக்கிழமை வீடு அமைதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும். பால்கனியிலிருந்து நாற்காலியை எடுத்து வந்து போட்டு அதில் உட்கார்ந்து பார்த்தாள், நாற்காலி நாற்காலியாகத்தான் இருந்தது. சாயங்காலம் க்லெப் தொலைபேசியில் கூப்பிட்டான். பின்னால் கடல் இரைந்தது.

"அத்தை, பையனுக்குப் பேர் முடிவு பண்ணிட்டோம். யெஃபீம். உங்கப்பா பேர்தான். லாதா சொல்லலையா உங்ககிட்ட?"

"சொல்லல."

"சொல்லாதேன்னுதான் நான் சொன்னேன். நானே சொல்லணும்னு ஆசை. அத்தை, அழுறீங்களா? அழாதீங்க. பிரசவத்துக்கு முன்னாடி வந்துடுவேன், சத்தியமா."

திங்கட்கிழமை காலை அவள் தபால் நிலையத்தின் வாசல் வரைக்கும் போனாள். உள்ளே மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான்காவதாக நிற்க வேண்டியதுதான். நிற்காமல் தாண்டிப் போய் ரொட்டி வாங்கினாள். ரொட்டிக்கடையில் நிற்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, எவ்வளவு தெளிவாக என்றால், இதை ஏன் முன்னமே யோசிக்கவில்லை என்று தோன்றுகிற அளவுக்கு. எழுதியாகிவிட்டது. வேண்டியது அந்த மனசுதானே. அவனும் படித்துவிட்டான், போய்விட்டான். உயிரோடு இருக்கிற ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பி, பிறக்காத ஒன்றை அப்பனில்லாமல் பிறக்க வைத்து, அதனால் செத்தவன் எழுந்து வரப்போகிறானா? குழந்தை பிறக்கட்டும், நடக்கட்டும், பேசட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸோயா அவள் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தாள், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ரிம்மா ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கழிவறைக் கதவைத் தாழிட்டு, உறையைக் கிழித்தாள். நாலாக, எட்டாக, பதினாறாக. மூன்று தடவை தண்ணீர் இழுத்துவிட வேண்டியிருந்தது. பூட்ஸ் என்ற சொல் மட்டும் ஒரு துண்டில் மிதந்துகொண்டே இருந்தது, பிறகு அதுவும் போனது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், ஒளிக்க முடியாதபடி, நிம்மதியாகவும் இருந்தது.

மனசு கேட்காமல் மானியை எடுத்தாள். ஒரு தடவை பார்த்துவிட்டு நாளைக்கே அலுவலக அலமாரியில் போட்டுவிடலாம்.

சமையலறை. அமைதி.

பிரிட்ஜ் பக்கம். அமைதி. நடைவழி, பெஞ்சு, கொக்கிகள், கம்பளிச் சட்டை. அமைதி. புன்னகையோடுதான் போய்க்கொண்டிருந்தாள். குளியலறை வாசலில்தான் அந்தப் புன்னகை நின்றது.

ஒரு சொடுக்குகூட இல்லை.

எங்கேயும் இருக்க வேண்டிய அந்த ஒன்றிரண்டு. கல்லிலிருந்து வருவது. காற்றிலிருந்து வருவது. அதுவும் இல்லை. பேட்டரியைக் கழற்றிப் புதிதாகப் போட்டாள். முள் ஆடியது, கருவி உயிரோடுதான் இருந்தது. குழலைச் சுவரோடு ஒட்டி வைத்தாள். தரையில் வைத்தாள். ஜன்னலைத் திறந்து வெளியே நீட்டினாள்: டக், டக், உலகம் பழையபடி இருந்தது. உள்ளே இழுத்தாள். ஒன்றுமில்லை. யாரோ வீடு முழுக்கப் பெருக்கி, மூலைமுடுக்கெல்லாம் கூட்டி அள்ளி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

"அம்மா!" லாதா கூப்பிட்டாள். கூடத்திலிருந்து. "இங்க ஓடி வாயேன்! இன்னிக்கு இவன் பண்ற அட்டகாசத்தைப் பாரு!"

ரிம்மா நடந்தாள். ஹெட்போன் காதில். குழல் கையில்.

உரிந்த தாளின் வழியே வெயில் சோபாவில் விழுந்திருந்தது. லாதா சாய்ந்து படுத்திருந்தாள், பூப்போட்ட கவுனை வயிற்றின் மேல் இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் காலியான பால் பாக்கெட்டுகள். மூன்று. நான்கு. உதட்டுக்கு மேலே வெள்ளைக் கோடு.

"பொழுதன்னிக்கும் அந்தப் பெட்டியோடயே அலையுற. வை கையை. இங்க."

நாலு எட்டு தூரம். ஒன்றுமில்லை.

மூன்று எட்டு. டக்.

இரண்டு. டக் டக் டக்.

அவள் நின்றாள். போகக் கூடாது என்று கால்களுக்குத் தெரிந்தது. கை மட்டும் நீண்டது. எதையும் உள்ளே தள்ளத் தெரிந்த அந்தக் கை.

மழை.

"என்னம்மா முகம் இப்படி வெளுக்குது? முட்டி வலியா?"

கவுனுக்கு அடியில் ஏதோ புரண்டது. ஒரு சின்னப் புடைப்பு, வயிற்றின் வலப்பக்கம். அது நகர்ந்தது. துணியில் இருந்த ஒரு பூவை உயர்த்தியது, அடுத்த பூவை உயர்த்தியது, குழலின் நுனிக்கு நேரே வந்து நின்றது. ரிம்மா குழலை இடப்பக்கம் கொண்டுபோனாள். புடைப்பு இடப்பக்கம் வந்தது. மேலே தூக்கினாள். விலா எலும்பு வரைக்கும் ஏறி வந்தது. லாதா வலியில் லேசாக முகம் சுளித்துக்கொண்டே, சந்தோஷம் தாங்காமல் சிரித்தாள்.

அவள் உதடுகள் அசைவதைத்தான் ரிம்மா பார்த்தாள். ஹெட்போனுக்குள் சொடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியே இல்லாமல், ஒரே நீண்ட சத்தமாகிவிட்டிருந்தன. மகள் கையை நீட்டி அவள் காதிலிருந்து ஒரு பக்கத்தை விலக்கினாள்.

"பாத்தியாம்மா," என்றாள், "உன்னை அவனுக்குத் தெரியுது."

புடைப்பு தோலை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளியது.